ஓடும் வண்டியில் கேஸ் ஹீட்டர்: ட்ரூமா டியோகண்ட்ரோல் சிஎஸ் ரெகுலேட்டர் வாங்கலாமா?

படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோமில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டே ஓட்டலாமா? ஐரோப்பாவில் இதற்கான பதில் சிலிண்டர் வைக்கும் கேஸ் பெட்டிக்குள் இருக்கிறது. கதவைத் திறந்து பாருங்கள். ரெகுலேட்டரில் மஞ்சள் பொத்தான் ஒன்றும், சிலிண்டரோடு சேரும் ஹோஸின் முனையில் பச்சைப் பொத்தான் ஒன்றும் இருந்தால் ஓட்டலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், வண்டி நகரும் முன் சிலிண்டர் வால்வை மூடியாக வேண்டும். ஓடும்போது எரியும் கேஸ் ஹீட்டருக்கு, விபத்தில் கேஸ் தானாக நிற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இப்போது அது ஐ.நா. வாகன விதி எண் 122-இன் கீழ் வருகிறது.

ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் இருக்கும் ட்ரூமா நிறுவனத்தின் டியோகண்ட்ரோல் சிஎஸ் அந்த ஏற்பாட்டைத் தருகிற ரெகுலேட்டர். இரண்டு சிலிண்டரை இணைக்கலாம். ஒன்று தீர்ந்ததும் தானாக அடுத்ததுக்கு மாறும். ஒரு சிலிண்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதே வரிசையில் மோனோகண்ட்ரோல் சிஎஸ் இருக்கிறது. பெயரிலுள்ள சிஎஸ் என்பது மோதலை உணரும் சென்சாரைக் குறிக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் பக்கமோ வட ஐரோப்பாவிலோ வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தேவை, தயங்காமல் வாங்கலாம். கோடையில் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அந்த வேலைக்கு 12 வோல்ட் போதும். எந்தக் காரணத்துக்காக வாங்கினாலும், ரெகுலேட்டர் எவ்வளவு நல்லது என்பதைவிட அதை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதுதான் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. இந்த மதிப்பீட்டில் அதிக இடம் அதற்குத்தான்.

ஓடும்போது கேஸ் எதற்கு

முன்சீட்டில் இருப்பவர்களுக்கு இன்ஜின் சூடு போதும். ஆனால் ஏழு மீட்டர் வண்டியின் பின்பாதிக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கால் விறைக்கும். அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். ட்ரூமா காம்பி ஹீட்டருக்குள் 10 லிட்டர் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அதோடு சேர்ந்த ஃப்ராஸ்ட்கண்ட்ரோல் வால்வு, சுற்றுப்புற வெப்பம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானாகத் திறந்து தொட்டியைக் காலி செய்துவிடும். தண்ணீர் உறைந்து தொட்டி வெடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹீட்டரை அணைத்துவிட்டு மைனஸ் 5 டிகிரியில் நாலு மணி நேரம் ஓட்டினால், 10 லிட்டரும் நெடுஞ்சாலையில் கொட்டியிருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் வால்வு 7 டிகிரியாவது ஆகும் வரை திரும்ப மூடாது. குளிர்காலப் பயணிகள் ஓடும்போது ஹீட்டர் வேண்டும் என்று கேட்பது சொகுசுக்காக அல்ல.

ஃப்ரிட்ஜ் கதை வேறு. மோட்டார்ஹோம்களில் வரும் கேஸ் ஃப்ரிட்ஜ்கள் அம்மோனியாவைச் சூடாக்கி வேலை செய்பவை. சூடு கேஸ் சுடரிலிருந்தும் வரலாம், மின்சாரத்திலிருந்தும் வரலாம். நடுத்தர அளவு ஃப்ரிட்ஜின் 12 வோல்ட் காயில் 170 வாட் அளவு இழுக்கும், அதாவது 14 ஆம்பியர். வண்டி நிற்கும்போது இது பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். ஓடும்போது ஆல்டர்னேட்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கேஸ் சுடர் ஒரு நாளைக்கு 300 முதல் 500 கிராம் எரிக்கும்; அதைச் சாலையில் எரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நிறைந்திருக்கிற, முன்கூட்டியே குளிர்ந்த ஃப்ரிட்ஜை முழுக்க அணைத்துவிட்டாலும், கதவைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் உணவு பத்திரமாக இருக்கும். இப்போது வருகிற கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

அடுப்பைப் பற்றி ஒரே வரி: ஓடும்போது எந்த ரெகுலேட்டர் இருந்தாலும் அடுப்பு எரியக்கூடாது. குளிருக்காக அடுப்பைப் பற்றவைப்பது நிற்கும் வண்டியிலும் கூடாது, ஏனென்றால் அதன் புகை வெளியே போகக் குழாய் கிடையாது.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது

20 டிகிரி வெப்பத்தில் புரொப்பேன் சிலிண்டருக்குள் 7, 8 பார் அழுத்தம் இருக்கும். டியோகண்ட்ரோல் அதை 30 மில்லிபாருக்கு இறக்குகிறது. நம் வீட்டுச் சமையலறையில் 14.2 கிலோ சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர் தருகிற அழுத்தமும் கிட்டத்தட்ட இதேதான். வேறுபாடு கேஸிலும் இடத்திலும் இருக்கிறது. வீட்டு சிலிண்டரில் பியூட்டேன் கலந்திருக்கும். அது பூஜ்ஜிய டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகாமல் படுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அதனால் குளிர்காலத்துக்குப் புரொப்பேன் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். கோடையில் தென் ஐரோப்பாவில் மாற்றிய பியூட்டேன் சிலிண்டரோடு டிசம்பரில் கிளம்பினால், சிலிண்டர் கனமாகவே இருக்கும், ஹீட்டர் மட்டும் எரியாது.

வீட்டு ரெகுலேட்டர் சிலிண்டரிலேயே மாட்டிக்கொள்ளும். டியோகண்ட்ரோல் கேஸ் பெட்டியின் சுவரில் திருகி நிற்கும். சிலிண்டரிலிருந்து அதுவரை ஓடும் ஹோஸில் இருப்பது 30 மில்லிபார் அல்ல, சிலிண்டரின் முழு அழுத்தம். அந்த ஹோஸ் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில்தான் பச்சைப் பொத்தான்.

பச்சைப் பொத்தானுக்குள் இருப்பது ஹோஸ் உடைப்புக் காப்பு. ஹோஸ் பிய்ந்து கேஸ் அளவுக்கு மீறிப் பாய்ந்தால், அந்தப் பாய்ச்சலே உள்ளே இருக்கும் தடுப்பைத் தள்ளி வழியை அடைத்துவிடும். சிலிண்டர் பக்க முனையிலேயே அது இருப்பதால், ஹோஸின் எந்த இடம் அறுந்தாலும் காப்பு அறுந்த இடத்துக்கு முன்னால் இருக்கும். மஞ்சள் பொத்தான் மோதல் சென்சாருக்கு உரியது. 3.5 ஜி (புவியீர்ப்பைப் போல மூன்றரை மடங்கு) அளவு அதிர்ச்சி, முன்பின் அரை ஜி, நேரடியாக அதைத் தாக்கினால் சென்சார் இறங்கி ரெகுலேட்டரில் கேஸை நிறுத்தும். ரெகுலேட்டருக்குப் பின்னால் வண்டிக்குள் ஓடும் குழாய்கள் விபத்தில் முறிந்தாலும் அதற்குமேல் கேஸ் வராது. முன்பகுதியை ஹோஸ் காப்பும் பின்பகுதியை மோதல் சென்சாரும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் வாங்கினால் பாதுகாப்பும் பாதிதான், சட்டப்படியும் அது ஏற்பாடு ஆகாது. கடையில் வாங்கும் பெட்டியில் ரெகுலேட்டர் மட்டும் வரும், காப்பு உள்ள ஹோஸைத் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் பழைய ஹோஸையே மாட்டிக்கொள்கிறவர்கள் பலர்.

அன்றாடப் பயன்பாட்டில் இரண்டு சிலிண்டர் மாற்றம்தான் மனதைக் கவரும். காம்பி 4 ஹீட்டர் மணிக்கு 160 முதல் 320 கிராம் எரிக்கும். காம்பி 6 என்றால் 480 வரை போகும். கடுங்குளிரில் 11 கிலோ சிலிண்டர் மூன்று, நாலு நாளில் தீர்ந்துவிடும், பெரும்பாலும் பின்னிரவில் தீரும். டியோகண்ட்ரோலில் நடுவில் இருக்கும் திருகியை எந்தச் சிலிண்டர் பக்கம் திருப்புகிறோமோ அது முதலில் ஓடும். அதன் சிறு கண்ணாடியில் பச்சை தெரியும். அது தீர்ந்து அடுத்தது ஓடத் தொடங்கினால் சிவப்பாகும். ஹீட்டர் அணையாது, யாரும் தூக்கத்திலிருந்து எழவேண்டாம். ஆனால் சிவப்பைக் காலையில் பார்க்கும் பழக்கம் வேண்டும். பார்க்காவிட்டால் இரண்டாவது சிலிண்டரும் தீர்ந்த பிறகுதான் தெரியவரும். மணிக்கு 1.5 கிலோ வரை கேஸ் தரக்கூடியது என்பதால் ஹீட்டர், ஃப்ரிட்ஜ், அடுப்பு மூன்றும் சேர்ந்து ஓடினாலும் ரெகுலேட்டர் திணறாது. திணறுவது சிலிண்டர். 11 கிலோ சிலிண்டர் தொடர்ச்சியாகத் தரக்கூடியது மணிக்குச் சுமார் 300 கிராம்தான். 5 கிலோ சிலிண்டர் இன்னும் குறைவு. அதற்குமேல் இழுத்தால் உள்ளே இருக்கும் திரவம் தானே குளிர்ந்து ஆவியாவது மந்தமாகும். குளிர்காலத்துக்கு 5 கிலோ சிலிண்டர் ஒத்துவராது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதல் விஷயம் வாங்கும்போதே வருகிறது. மோதல் சென்சார் ஒரு குறிப்பிட்ட திசையில் நின்றால்தான் சரியாக வேலை செய்யும். அதனால் நிறுத்திப் பொருத்த ஒரு வகை, படுக்கைவாக்கில் பொருத்த ஒரு வகை என்று தனித்தனியாக விற்கிறார்கள். இடம் போதவில்லை என்று ஒன்றை இன்னொன்றின் நிலையில் திருகிவிடக்கூடாது. வெளியே போகும் குழாயின் அளவும் பார்த்து வாங்குங்கள், வண்டியில் ஓடுவது 8 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரா என்று.

இரண்டாவது உயரம். ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வைவிட மேலே இருக்க வேண்டும். ஹோஸ் ரெகுலேட்டரிலிருந்து சிலிண்டரை நோக்கி இறங்கியபடியே வர வேண்டும். நடுவில் தொய்ந்து வயிறு விடக்கூடாது. காரணம் எண்ணெய். கேஸோடு கொஞ்சம் எண்ணெய்ப் பசை வரும், ரப்பர் ஹோஸிலிருந்தும் பசை கரைந்து வரும். ஹோஸ் இறக்கமாக இருந்தால் அது சிலிண்டருக்கே திரும்பி வழிந்துவிடும். ரெகுலேட்டர் கீழே இருந்தால் எல்லாம் அதற்குள் போய்த் தேங்கும். மெல்லிய சவ்வில் பசை படிந்தால் 30 மில்லிபார் நிலையாக நிற்காது. ஒரு நாள் முழுக்க அடைத்துக்கொள்ளும். அடைத்த ரெகுலேட்டரைக் கழுவிப் பயன்படுத்த முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ட்ரூமாவே ஹோஸுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்ட ஒரு கேஸ் ஃபில்டர் விற்கிறது. டியோ என்றால் இரண்டு ஃபில்டர் வேண்டும். ரெகுலேட்டரைவிட மிகக் குறைந்த செலவு. எங்கள் பார்வையில் இதை விருப்பப்பட்டால் வாங்கும் துணைப்பொருளாக விற்பது தவறு. பெட்டியிலேயே வந்திருக்க வேண்டும். பங்கில் தாங்களே நிரப்பிக்கொள்ளும் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

பழைய ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியதை இரும்புக் குழாயோடு இணைப்பது கேஸ் வேலை தெரிந்தவரின் வேலை. ஜெர்மனியில் அதன்பின் ஜி 607 சோதனை செய்ய வேண்டும்: குழாய்களில் 150 மில்லிபார் காற்றழுத்தம் ஏற்றி, வெப்பம் சமநிலைக்கு வர 5 நிமிடம் விட்டு, அடுத்த 5 நிமிடத்தில் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 2025 ஜூன் 19 முதல் ஜெர்மனியில் இது சட்டப்படி கட்டாயம். சிலிண்டர் மாற்றுவது மட்டும் நம் கையில் இருக்கிற வேலை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன, ஆகவே அதை விரிவாகவே சொல்கிறோம்.

சிலிண்டரைப் பெட்டிக்குள் நேராக நிறுத்தி, பெல்ட்டை இறுக்கிய பிறகுதான் ஹோஸைத் தொட வேண்டும். ஹோஸை மாட்டிவிட்டுச் சிலிண்டரை நகர்த்தினால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். வால்வின் வாயில் உள்ள ரப்பர் வாஷரை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெடிப்போ பள்ளமோ மணல் துகளோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வாஷர் இல்லாமலே கைக்கு வரும் வாடகை சிலிண்டர்களும் உண்டு. ஹோஸ் முனையின் நட்டு இடப்பக்கத் திருகு, அதாவது வழக்கத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும். கையால் முடிந்தவரை திருகி, கூடவே வரும் பிளாஸ்டிக் திருகுப்பிடியை மாட்டி இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இழுத்தால் அப்போதைக்கு இறுகும். ஆனால் வாஷர் நசுங்கி அடுத்த முறை ஒழுகும்.

இனி வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் வெறும் ஹோஸுக்குள் கேஸ் பாயும். அந்தப் பாய்ச்சலை உடைப்பு என்று எடுத்துக்கொண்டு காப்பு அடைத்துக்கொள்ளும். திறந்த பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தி ஐந்து விநாடி பிடித்திருக்க வேண்டும். அழுத்தும்போது லேசாக 'உஸ்' என்று கேஸ் ஹோஸுக்குள் போகும் சத்தம் கேட்டு, பிறகு அடங்கும். சத்தம் அடங்கவே இல்லையென்றால் எங்கோ கேஸ் வெளியேறுகிறது. வால்வை மூடிவிட்டுத் தேடுங்கள்.

கடைசியாகக் கசிவு பார்க்கும் ஸ்ப்ரே. இணைப்பைச் சுற்றி அடித்துவிட்டு அரை நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். பெரிய கசிவில் நுரை உடனே பொங்கும். சிறிய கசிவில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் ஏறிக்கொண்டே வரும். நமக்கு முக்கியம் அந்தச் சிறிய கசிவுதான். வீட்டில் சோப்புத் தண்ணீர் தடவுவது போல இங்கேயும் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலக்கித் தடவுகிறார்கள். அம்மோனியா கலந்த கழுவும் திரவங்கள் பித்தளையில் நாளடைவில் வெடிப்பு உண்டாக்கும். இதற்கென்றே விற்கிற ஸ்ப்ரே வாங்குங்கள், ஒரு புட்டி பல ஆண்டு வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

எங்கே மக்கர் செய்யும்

"புதுசா மாட்டினேன், கேஸே வரலை" என்ற புகார்தான் இந்த ரெகுலேட்டரைப் பற்றி அதிகம் கேட்பது. பெரும்பாலும் ரெகுலேட்டரில் பிழை இருக்காது. பச்சைப் பொத்தானை அழுத்த மறந்திருப்பார்கள், அல்லது சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்கும்போது அதன் விளிம்பு ரெகுலேட்டரில் இடித்து மோதல் சென்சார் இறங்கியிருக்கும். மஞ்சள் பொத்தான் அழுந்திய நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கையேட்டில் சொன்னபடி திரும்ப ஏற்ற வேண்டும். பொத்தான் சின்னது, குளிரில் விறைத்த விரலுக்குச் சிரமம் தருகிறது. சிலிண்டர்களுக்குப் பின்னால் அதை ஒளித்துப் பொருத்திய வண்டிகளில் சிலிண்டரையே வெளியே எடுத்தால்தான் எட்டும். இது வண்டி கட்டுகிறவர்களின் கவனக்குறைவு. புது வண்டி வாங்கும்போது கேஸ் பெட்டியைத் திறந்து, இரண்டு சிலிண்டரும் உள்ளே இருக்க, கையை விட்டு அந்தப் பொத்தானைத் தொட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே மோதி சென்சார் இறங்கியிருந்தால் விஷயம் வேறு. பொத்தானை உடனே ஏற்றிவிடக்கூடாது. சிலிண்டர் வால்வை மூடி, குழாய் முழுவதையும் சோதிக்கும் வரை கேஸைத் தொடாதீர்கள். குழி விழுந்த சாலையில் வழக்கமாக ஓட்டுவதற்கு 3.5 ஜி வராது, அதனால் ரோட்டில் அடிக்கடி இறங்குகிறது என்றால் பொருத்திய விதத்திலோ திருகுகளிலோ தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடுங்குளிரில் வருகிற மற்றொரு சிக்கல் உறைவு. கேஸில் ஈரம் இருந்தால் அழுத்தம் இறங்கும் இடத்தில் அது பனியாகி வழியை அடைக்கும். ஐஸ்எக்ஸ் என்ற பெயரில் 12 வோல்ட்டில் ஓடும் சிறு சூடேற்றி கிடைக்கிறது, ரெகுலேட்டரில் மாட்டிவிடலாம். பனிச்சறுக்கு ஊர்களில் இரவு தங்குகிறவர்களுக்குத் தேவைப்படும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

இது காப்பாற்றாதவை

விற்பனைப் பேச்சில் வராத பகுதி இது. மோதல் சென்சாருக்கு அதிர்ச்சி மட்டும்தான் தெரியும். ஹோஸ் காப்புக்குப் பெரும் பாய்ச்சல் மட்டும்தான் தெரியும். அதிர்வில் தளர்ந்த ஒரு நட்டிலிருந்து கடுகுக் குமிழ் போல ஒழுகும் கேஸ் இரண்டுக்குமே தெரியாது. இரண்டும் திறந்தபடியே நிற்கும். ஒரு லிட்டர் திரவப் புரொப்பேன் 270 லிட்டர் கேஸாக விரியும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அது மேலே கலையாமல் தரையோடு பரவி, கட்டிலுக்கு அடியிலும் படிக்கட்டுப் பள்ளத்திலும் தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் சேர்ந்தாலே தீப்பொறி போதும்.

அதனால்தான் கேஸ் பெட்டியின் அடித்தளத்தில் மூடாத துளை இருக்கிறது. குறைந்தது 100 சதுர செ.மீ. இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஒழுகும் கேஸ் அந்த வழியே தரைக்கு இறங்கிக் காற்றில் கலந்துவிடும். குளிர் வருகிறது, தூசி வருகிறது என்று அந்தத் துளையின் மேல் ரப்பர் பாய் விரிக்கிறார்கள், சுருட்டிய தண்ணீர்க் குழாயையும் செருப்பையும் போட்டு வைக்கிறார்கள். விலை உயர்ந்த ரெகுலேட்டர் மேலே, அடைத்த துளை கீழே. இப்படி இருக்கிற வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. வண்டிக்குள் கேஸ் டிடெக்டரும் வேண்டும், அதைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் தனி. அது மூச்சு விடும் உயரத்தில், படுக்கைக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பின்பக்கத்தில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். பச்சை விளக்கு எரிந்தாலும் அந்தத் தேதி தாண்டினால் உள்ளே இருக்கும் சென்சாரை நம்ப முடியாது.

ஹீட்டரின் புகைக்குழாய் பக்கச் சுவரில், திறக்கும் ஜன்னலுக்குக் கீழே வந்திருந்தால், ஜன்னல் திறந்ததும் ஹீட்டரை நிறுத்தும் ஸ்விட்ச் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அதைத் துண்டித்து வைத்திருப்பார்கள். பாருங்கள்.

பங்க், கப்பல், சுரங்கப்பாதை

பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்பே ஹீட்டரையும் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். டியோகண்ட்ரோல் இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. அது விபத்துக்கான சாதனம். பங்கில் ஆபத்து நம் வண்டியின் கேஸ் அல்ல, தரையோடு வரும் பெட்ரோல் ஆவி நம் வண்டியின் சுடரைத் தொடுவது. தானாக மாறும் வகை டொமெட்டிக் ஃப்ரிட்ஜ்களில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இன்ஜின் அணைந்ததும் 12 வோல்ட்டிலிருந்து உடனே கேஸுக்குப் போகாமல் 15 நிமிடம் காத்திருக்கும், டீசல் போட்டுவிட்டுக் கிளம்ப அந்த நேரம் போதும் என்று. ஆனால் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் காபி குடித்து, பிள்ளைகள் கழிப்பறை போய் வருவதற்குள் 15 நிமிடம் ஓடிவிடும், சுடர் தானாகப் பற்றிக்கொள்ளும். கையால் அணைத்துவிடுவதுதான் சரி.

கப்பலில் ஏற்றும்போதும், இங்கிலாந்துக் கால்வாய்க்கு அடியில் போகும் லெ ஷட்டில் ரயிலில் ஏற்றும்போதும் சிலிண்டர் வால்வையே மூட வேண்டும். ஹீட்டரை அணைத்தால் மட்டும் போதாது. இறங்கி மறுபடி திறக்கும்போது அதே வரிசைதான்: மெதுவாகத் திற, பச்சையை அழுத்து.

அமெரிக்காவில் வாடகைக்கு ஆர்வி (மோட்டார்ஹோமுக்கு அங்கே அந்தப் பெயர்) எடுத்து ஓட்டப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே இந்த மோதல் சென்சாரை எதிர்பார்க்க வேண்டாம். சிலிண்டரோடு சேரும் பெரிய பிளாஸ்டிக் நட்டுக்குள் பாய்ச்சல் தடுப்பு ஒன்று இருக்கும். தீயில் நட்டு உருகினால் கேஸை அடைக்கவும் செய்யும். அந்தத் தடுப்பு ரெகுலேட்டருக்கு முன்னால் நடக்கும் உடைப்புக்குத்தான் உதவும். ரெகுலேட்டருக்குப் பின்னால், வண்டியின் அடிவயிற்றில் ஓடும் குழாய் முறிந்தால், ரெகுலேட்டரே பாய்ச்சலை மட்டுப்படுத்திவிடுவதால் தடுப்புக்கு அது உடைப்பு என்று தெரியாது. அடுப்பு எரிவதாக நினைத்துக் கேஸை விட்டுக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்து அதன் கீற்று சக்கர வளைவுக்குள் அடித்தால் முறிவது அந்தக் குழாய்தான். ஆகவே அங்கே வாடகை வண்டியில் ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள். சுரங்கப்பாதைகளையும் பாருங்கள்: பால்டிமோர் துறைமுகச் சுரங்கத்திலும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும் ஆர்வியில் வழக்கமாக இருக்கும் புரொப்பேன் சிலிண்டரோடு போக அனுமதி இல்லை, மூடியிருந்தாலும் இல்லை. முன்பெல்லாம் அதே ஊரின் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அது இடிந்த பிறகு ஊரின் மேற்குப் பக்க வட்டச்சாலைதான் வழி.

விலையும் மாற்றும்

மோனோகண்ட்ரோல் 150 யூரோவை ஒட்டியும் டியோகண்ட்ரோல் 250 யூரோவை ஒட்டியும் கிடைக்கும். ஹோஸ், ஃபில்டர், பொருத்தும் கூலி எல்லாம் இதற்கு மேல். ஜெர்மனியைச் சேர்ந்த கோக் நிறுவனத்தின் காரமாட்டிக் டிரைவ்டூ இதே வேலையைச் செய்யும் மாற்று. உங்கள் வண்டிப் பட்டறை எதைப் பொருத்திப் பழகியிருக்கிறதோ அதை வாங்குங்கள், உதிரிப்பாகம் கிடைப்பது எளிது. புதிதாக வண்டியே வாங்குவதாக இருந்தால் டீசலில் ஓடும் ஹீட்டரையும் யோசியுங்கள். சிலிண்டரை மூடிவைத்துவிட்டு ஓடும்போதும் சூடு வரும். அதையும் பங்கில் அணைக்கத்தான் வேண்டும்.

பழைய மோட்டார்ஹோம் வாங்கப் போனால் "ட்ரூமா சிஎஸ் இருக்கு" என்று விற்பவர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ரெகுலேட்டரின் உடம்பில் செய்த தேதி குத்தியிருக்கும், ஹோஸில் நீளவாக்கில் ஆண்டு அச்சடித்திருக்கும். ஜெர்மனியில் இரண்டுக்கும் 10 ஆண்டுதான் கணக்கு. ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள், வளைவில் மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தால் தேதி எதுவாக இருந்தாலும் மாற்ற வேண்டும். ஹோஸின் சிலிண்டர் பக்க முனையில் பச்சைப் பொத்தான் இல்லாமல் வெறும் நட்டு மட்டும் இருந்தால், புது ஹோஸ் இரண்டின் விலையையும் சோதனைக் கட்டணத்தையும் பேசிய தொகையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.